அடுப்பு, பீலி, கான்: வீட்டைச் சுற்றியே தொடங்கலாம்



"சுற்றாடலைப் பாதுகாப்போம்" என்று பாடசாலைச் சுவரிலும் பஸ் நிலையத்திலும் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜூன் 5ஆம் திகதி உலக சுற்றாடல் தினம் வந்தால் பிள்ளைகள் மரக்கன்று நடுகிறார்கள். நல்ல விஷயந்தான். ஆனால் விடியுமுன் எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, நேரத்துக்கு மலையில் போய் நிற்க வேண்டிய ஒரு தாய்க்கு இந்தச் சுற்றாடல் பேச்சு எங்கே ஒட்டும்? "அதெல்லாம் டவுன்ல இருக்கிறவங்க கதைக்கிற கதை ஐயா, எங்களுக்கு எங்க நேரம்?" என்று லயத்துக்குப் போகும் இடமெல்லாம் நம்மிடம் சொல்லுவார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டவுனில் இருப்பவர் குப்பையை வாசலில் வைத்தால் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். தண்ணிக்குக் குழாயைத் திறப்பார். சமைக்க கேஸ் வைத்திருப்பார். நாமோ விறகைக் காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் சுமக்கிறோம். தண்ணியை மேலே இருக்கும் ஊற்றிலிருந்து எடுக்கிறோம். குப்பை நம் வாசல் கானிலேயே கிடக்கிறது. காடும் ஊற்றும் கானும் கெட்டுப்போனால் முதலில் அடிபடுவது நாம்தான். அதனால் இந்த விஷயம் மற்ற யாரையும்விட லயத்தில் இருக்கும் நமக்குத்தான் அவசரம்.

நாம் இருப்பது சரிவான மலை. மேலே செய்வது கீழே வரும். மேலே காட்டை வெட்டினால் நடுவில் பீலி வற்றும். நடுவில் கானை அடைத்தால் கீழே மண் சரியும். ஆகவே அடுப்பு, பீலி, கான் என்ற இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம். இதில் பெரும்பாலான வேலைக்குக் காசு தேவையில்லை. சிலதில் காசு மிச்சமும் ஆகும்.

முதலில் அடுப்பு

நம் லயன் காம்பராக்கள் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய லயங்களில் ஜன்னல் சின்னது, சிலதில் இல்லவே இல்லை. குளிருக்குக் கதவையும் சாத்திவிடுவோம். அதற்குள் ஈர விறகு எரிந்தால் புகை எங்கே போகும்? அடுப்பு ஊதுகிற தாயின் நெஞ்சுக்கும், அவள் இடுப்பில் இருக்கிற பிள்ளையின் நெஞ்சுக்கும்தான் போகும்.

வீட்டுக்குள் எழும் இந்தப் புகையினால் உலகம் முழுவதும் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாட்பட்ட இழுப்பும் இருமலும், நெஞ்சு வருத்தம், கண்ணில் புரை ஆகிய எல்லாவற்றுக்கும் விறகுப் புகை ஒரு காரணம். "சளி புடிச்சிருக்கு, பனியில போனதால" என்று நாம் சொல்லும் சளியில் பாதி அடுப்படியில் பிடித்த சளியாக இருக்கலாம். புகையைக் குறைத்தால் விறகும் குறையும். விறகு குறைந்தால் காடு தப்பும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

விறகைக் காய வையுங்கள். அப்போது வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணி. அதாவது தலையில் சுமந்து வருகிற கட்டில் பாதி தண்ணியைத்தான் சுமக்கிறோம். பிறகு அந்தத் தண்ணியை ஆவியாக்கவே முதலில் நெருப்பு செலவாகிறது. மிச்சச் சூடுதான் பானைக்கு வரும். கண்ணெரிச்சல் அத்தனையும் இந்த ஈரத்தால் வருவது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தை, மாசி, பங்குனி மாதங்களில் வெயில் இருக்கும். தென்மேற்குப் பருவமழை மே மாதம் பிடிக்குமுன் விறகைச் சேர்த்துப் பிளந்து அடுக்கிவிட வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கார்த்திகை, மார்கழி மழைக்கு முன் சேர்க்க வேண்டும். பிளந்த விறகு முழுக் கட்டையைவிடச் சீக்கிரம் காயும். நிலத்தில் போடாமல் இரண்டு கல்லின் மேல், காற்றுப் படும்படி, மேலே மட்டும் தகரத்தாலோ படங்காலோ மூடி வையுங்கள். பக்கத்தையும் சேர்த்து மூடினால் உள்ளே பூஞ்சணந்தான் பிடிக்கும்.

அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டி விறகு காய வைக்கிற பழக்கம் பல வீட்டில் உண்டு. லயத்தில் ஒரு காம்பரா பிடித்தால் வரிசையே போய்விடும். அப்படி உடுத்த துணியோடு வெளியே வந்து நின்ற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். பரணை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல் தள்ளி வையுங்கள். படுக்கப் போகுமுன் தணலைத் தண்ணி தெளித்து அணையுங்கள். குளிருக்காகத் தணலைச் சட்டியில் அள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் படுக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அடுப்பை மாற்றுங்கள். மூன்று கல் அடுப்பில் நெருப்பின் சூடு நாலா பக்கமும் ஓடிவிடுகிறது. "அனகி" என்ற களிமண் அடுப்பை நம் நாட்டில் 1980களில் உருவாக்கினார்கள். சிங்களத்தில் அனகி என்றால் விலை மதிப்பில்லாதது என்று அர்த்தம். ஒரே வாயில் விறகு வைத்து இரண்டு சட்டியில் சமைக்கலாம். முன் சட்டியில் சோறு, பின் சட்டியில் கறி. மூன்று கல் அடுப்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சமாகும். வாரத்துக்கு மூன்று கட்டு விறகு எடுக்கிற வீட்டில் இரண்டு கட்டோடு காரியம் முடியும். மிச்சமாகிற அந்த ஒரு கட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய்க்குக் கிடைக்கிற ஓய்வு.

அனகி அடுப்பை வாங்கி அப்படியே வைத்தால் சூட்டிலும் தட்டுப்பட்டும் சீக்கிரம் வெடித்துவிடும். சுற்றிலும் இரண்டு விரற்கட்டைக்குக் குறையாமல் களிமண் பூச வேண்டும். களிமண்ணோடு உமியோ நறுக்கின வைக்கோலோ கொஞ்சம் சாணியோ சேர்த்துப் பிசைந்தால் பூச்சு வெடிக்காது. நன்றாகக் காய்ந்த பிறகு நெருப்பு மூட்டுங்கள். புகைபோக்கி வைக்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே கூரையோரம் புகை போக ஒரு வழி விடுங்கள். கூரையிலும் சுவரிலும் கை வைக்குமுன் நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மூடி போடுங்கள், ஊற வையுங்கள். "எங்க மலையில பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று உயரமான தோட்டங்களில் சொல்லுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரையில் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். உயரம் கூடக் கூடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே தண்ணி கொதிக்கும். தளதளவென்று கொதித்தாலும் சூடு அவ்வளவுதான். எவ்வளவு விறகைத் தள்ளினாலும் அதற்குமேல் ஏறாது. ஆகவே கடலை, பயறு, பருப்பு எல்லாவற்றையும் இரவே ஊற வைக்க வேண்டும். பானை கொதித்த பிறகு விறகை வெளியே இழுத்துச் சின்ன நெருப்பில் விடுங்கள், மூடியை எடுக்க வேண்டாம். திறந்த சட்டியில் கொதிக்க வைப்பது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிர் காய்வது போன்றது. குடிக்கிற தண்ணி கொதிக்க வைக்கும்போதும் மூடி வேண்டும்.

சூட்டுக் கூடை. கிழிந்த கொழுந்துக் கூடை ஒன்று வீட்டில் கிடக்கிறதா? அதன் அடியிலும் பக்கத்திலும் காய்ந்த புல்லையோ வைக்கோலையோ பழைய துணியையோ நான்கு விரல் கனத்துக்கு இறுக்கி அடையுங்கள். உள்ளே சாக்கு விரியுங்கள். அடுப்பில் பத்து நிமிஷம் கொதித்த பருப்புச் சட்டியை மூடியோடு அப்படியே தூக்கி இதற்குள் வைத்து, மேலே ஒரு சாக்குத் தலையணையால் அமுக்கி மூடிவிடுங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் அதன் சூட்டிலேயே வெந்திருக்கும். சோற்றுக்கும் இது சரிவரும். ஊற வைத்த கடலையென்றால் இருபது நிமிஷமாவது கொதித்த பிறகு வைத்து, மூன்று மணி நேரம் விடுங்கள். சாப்பிடுமுன் ஒரு தடவை கொதிக்க விட்டுக்கொள்ளுங்கள். இறைச்சிக்கு இந்த முறை வேண்டாம். இன்னொரு விஷயம், சட்டியின் அடியில் கரி இருந்தால் துணியில் தணல் ஒட்டிப் புகையும். துடைத்து வைக்க வேண்டும்.

பொலித்தீனில் அடுப்பு மூட்டாதீர்கள். மழை நாளில் விறகு பிடிக்காவிட்டால் சொப்பிங் பேக், பழைய செருப்பு, பிளாஸ்டிக் போத்தல் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு மூட்டுகிறோம். சட்டென்று பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கறுப்புப் புகையில் உடம்பை விட்டு லேசில் போகாத நஞ்சு இருக்கிறது. பைப் செய்கிற பீவீசீ வகைப் பிளாஸ்டிக்கின் புகை இன்னும் மோசம். அது சட்டியிலும் படிகிறது, பிள்ளையின் மூச்சிலும் போகிறது. அதற்குப் பதிலாக வெயில் நாளில் பைனஸ் காய், யூகலிப்டஸ் பட்டை, காய்ந்த சிறு மிளாறு ஆகியவற்றை ஒரு உரப்பையில் நிரப்பி உலர்ந்த இடத்தில் தொங்க விடுங்கள். ஒரு பை இருந்தால் மழைக்காலத்தில் பல நாளுக்குப் போதும்.

விறகு எங்கிருந்து வருகிறது?

2022ஆம் ஆண்டு நமக்கு மறக்காது. கேஸ் கிடைக்கவில்லை. 87 ரூபாவுக்கு இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 340 ரூபாவானது. அடுப்பை மாற்றிக்கொண்டவர்களும் திரும்ப விறகுக்கு வந்தார்கள். எல்லோரும் ஒரே காட்டுக்குப் போனால் காடு என்ன செய்யும்?

நமக்குக் கிடைக்கிற நல்ல விறகு கவ்வாத்து மிளாறு. உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையும் கவ்வாத்து வெட்டப்படுகிறது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, தடித்த மிளாறை மட்டும் எடுங்கள். இலையையும் மெல்லிய குச்சியையும் மலையிலேயே விட்டுவிட வேண்டும். அது வெயிலிலிருந்தும் மழை அடியிலிருந்தும் மண்ணை மூடும், மக்கித் தேயிலைக்கே உரமாகும். மண் கழுவிப் போன மலையில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நம் பேரும் குறையும். இது நிர்வாகத்தின் நன்மைக்காக மட்டும் சொல்வதல்ல.

எடுத்த மிளாறை மலையோரத்தில் ஒரு இடத்தில் அடுக்கிக் காய விட்டுப் பிறகு சுமந்தால், அதே கட்டு எடை குறைந்திருக்கும். முதுகும் கழுத்தும் நன்றி சொல்லும்.

எடுக்கக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ஊற்றுக்கு மேலே நிற்கிற காடு. அங்கே விழுந்து கிடக்கும் குச்சியைப் பொறுக்கலாம், நிற்கிற மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. ஏன் என்பதை அடுத்துச் சொல்லுகிறோம்.

இரண்டாவது பீலி

மழை பெய்யும்போது காட்டு மரத்தின் இலை முதலில் அடியை வாங்கிக்கொள்கிறது. கீழே உதிர்ந்து கிடக்கிற சருகு தண்ணியைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்கிறது. வேர் போன வழியே அது மெதுவாக மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் கசிந்து, நம் பீலியில் வருகிறது. மாசி மாத வெயிலில் பீலியில் விழுகிற தண்ணி போன ஐப்பசி, கார்த்திகை மழையாக இருக்கலாம். மேலே காடு போய்விட்டால் மழைக்காலத்தில் கலங்கல் வெள்ளம், வெயில் காலத்தில் வெறும் பீலி. பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த டிவிசனுக்கு நடக்க வேண்டியதுதான்.

ஊற்றுக் கண்ணைச் சுற்றி இருக்கிற பெரணி, புதர், காட்டு மரம் எதையும் "சுத்தம் பண்ணுறோம்" என்று வெட்டாதீர்கள். அவைதான் அதன் காவல். அந்த இடத்தில் யூகலிப்டஸ் நட வேண்டாம். வேகமாக வளர்கிற மரம் தண்ணியையும் வேகமாக இழுக்கும். மாடு ஆடு போகாதபடி நாலு கம்பு நட்டு வேலி கட்டுங்கள். கக்கூஸ் குழி, மாட்டுக் கொட்டில், சாணிக் குவியல் எதுவும் ஊற்றுக்கு மேற்பக்கம் இருக்கக் கூடாது. கீழ்ப்பக்கமும் 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உடுப்புக் கழுவுவதும் குளிப்பதும் பீலிக்குக் கீழேதான், மேலே வேண்டாம்.

மருந்து அடிக்கிற சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்துக் கேனையும் தெளிக்கும் இயந்திரத்தையும் பீலியிலோ ஓடையிலோ கழுவக் கூடாது. காலியான மருந்துக் கேன் பார்க்க நல்ல கேனாகத்தான் இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் அதில் தண்ணியோ எண்ணெயோ பிடித்து வைக்கக் கூடாது. கணக்கோடு ஸ்டோருக்குத் திருப்பிக் கொடுங்கள். மருந்து அடித்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகக் கழுவுங்கள்.

பைப்பில் வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளில் ஒரு வாளிக்குக் குறையாமல் போய்விடும். ஒரு வாளியின் எடை அதைத் தூக்குகிறவருக்குத்தான் தெரியும். ஒழுகுகிற பைப்பைக் கண்டால் ஒப்பிசுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அடியில் ஒரு வாளி வையுங்கள்.

மழைத் தண்ணியும் இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணி. ஒரு காம்பராவும் இஸ்தோப்பும் சேர்ந்த கூரை 20 சதுர மீற்றர் என்று வைத்தால், 10 மில்லிமீற்றர் மழைக்கு 200 லீற்றர். அது ஒரு பெரிய பீப்பா. பீலி போலத் தகரத்தை மடித்துக் கட்டினால் கக்கூசுக்கும் துணிக்கும் செடிக்கும் இது போதும். பீப்பாவை வலைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாமே டெங்கு நுளம்பை வளர்ப்பதாகிவிடும்.

மூன்றாவது கான்

லயத்துக்குப் பின்னாலும் முன்னாலும் கான் வெட்டி வைத்திருப்பது மழைத் தண்ணி போவதற்கு. நாமோ அதைக் குப்பைத் தொட்டியாக்கி வைத்திருக்கிறோம். பிஸ்கட் பேப்பர், பால்மாப் பை, சொப்பிங் பேக், உடைந்த வாளி எல்லாம் அதற்குள்தான். ஒரு பெரிய மழை வந்தால் இவை போய்ச் சேருகிற முதல் வளைவில் கான் அடைபடும். தண்ணி கானை விட்டு மண்ணுக்குள் இறங்கும். தண்ணி குடித்த சரிவு பாரம் தாங்காமல் நகரத் தொடங்கும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை நாம் மறக்க முடியுமா? 2025 நவம்பர் கடைசியில் தித்வா சூறாவளியோடு வந்த மழையில் மலைநாட்டில் எத்தனையோ இடங்கள் சரிந்தன. கான் சுத்தமாக இருந்திருந்தால் அவை நடந்திராது என்று நாம் சொல்லவில்லை. அந்த அளவு மழைக்கும் அந்த நிலத்துக்கும் வேறு பாதுகாப்பு வேண்டும், பாதுகாப்பான இடத்தில் வீடு வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் தண்ணி போக வழி விட்டு வைப்பது நம் கையில் இருக்கிற வேலை. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், சுவரில் திடீர்ப் பிளவு, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கானில் போகிற குப்பை நம் தோட்டத்தோடு நிற்பதுமில்லை. மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களுக்கு வருகிற ஓயாக்கள் நம் தோட்டங்களுக்கு நடுவால்தான் ஓடுகின்றன. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பிலே குழாயில் வருகிற தண்ணியில் பெரும்பகுதி அந்தக் களனித் தண்ணி. அங்கே வேலைக்குப் போயிருக்கிற நம் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

குப்பையை மூன்றாகப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. மக்குகிறது ஒரு பக்கம். போத்தல், தகரம், தடித்த பிளாஸ்டிக் ஒரு பக்கம், இதைப் பழைய சாமான் வாங்க வருகிறவருக்குக் கொடுத்தால் கொஞ்சம் காசும் வரும். பொலித்தீன் பேப்பர் வகை ஒரு உரப்பையில். பிரதேச சபை லொறி வருகிற இடம் இருந்தால் அங்கே சேர்க்கலாம். லொறி வராத தோட்டத்தில் மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ எழுத்தில் கேட்க வேண்டும், கடிதம் எழுத நாம் உதவி செய்வோம். டோர்ச் பற்றரியை அடுப்பிலோ உரக் குழியிலோ போடாதீர்கள்.

குப்பை வராமலே தடுப்பது இன்னும் லேசு. மெல்லிய சொப்பிங் பேக்கும் லஞ்ச் ஷீட்டும் 2017 செப்டம்பர் முதல் தடை. பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, கோப்பை வகைகள் 2023 ஒக்டோபர் முதல் தடை. 2025 நவம்பர் முதல் கடைக்காரர் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதற்குக் காசு எடுக்க வேண்டும். சம்பளத்தன்று கடைக்குப் போகும்போது பழைய மாவுச் சாக்கில் தைத்த பை ஒன்று கையில் இருந்தால் அந்தக் காசு மிச்சம். மலைக்கு ரொட்டி கொண்டுபோக மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வருஷக்கணக்கில் உழைக்கும்.

இன்னொரு பயமும் குப்பையோடு சேர்ந்து வருகிறது. லயத்தோரம் மீன் தலையும் எஞ்சிய சோறும் கிடந்தால் தெருநாயும் பன்றியும் வரும். நாயைப் பிடிக்கச் சிறுத்தை வரும். பிறகு மலைக்குப் போகவே நடுங்குகிறோம். பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைத்தால் பன்றி மட்டும் மாட்டுவதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு கம்பியில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. குப்பையை மூடி வைத்தால் லயத்துக்குள் இரை தேடி வருவது குறையும்.

மக்குகிற குப்பை வீட்டுக்கு உரம்

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் அந்தத் தடை நீங்கினாலும் அடுத்த வருஷமும் உரம் கை எட்டாத விலையில் இருந்தது. அப்போது வீட்டில் உரக் குழி வைத்திருந்தவர்களின் கரட்டும் கோவாவும் தப்பின.

மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். கொஞ்சம் மேடான இடத்தைப் பாருங்கள், கான் ஓரம் வேண்டாம். அடியில் குச்சி பரப்பி, மேலே காய்ந்த சருகு, அதன்மேல் மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது, அதன்மேல் கொஞ்சம் சாணி என்று மாறி மாறிப் போடுங்கள். அடுப்புச் சாம்பலை ஒரு கைப்பிடி தூவலாம், அள்ளிக் கொட்ட வேண்டாம். மழை நேராக விழாமல் சாக்கால் மூடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். கெட்ட மணம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், சருகு சேர்த்தால் சரியாகும். நம் குளிருக்கு மூன்று நாலு மாதமாகும். கறுத்து, மண் வாசனை வந்தால் உரம் தயார்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் மழையிலேயே உரமும் மண்ணும் ஓடிவிடும். ஓரத்தில் மானாப் புல் நட்டால் அது மண்ணைப் பிடிக்கும், வெட்டி மூடாக்காகவும் போடலாம். நிலம் இல்லாத வீட்டில் கழுவிய உரப்பையில் மண்ணும் உரமும் நிரப்பி, இஸ்தோப்பு ஓரம் கீரை, வெங்காயத் தாள், மிளகாய் வைக்கலாம். அரிசி கழுவிய தண்ணி அதற்குப் போதும். கீரை வாங்குகிற காசு மிச்சம், பிள்ளைக்கு இரத்தமும் ஊறும்.

வெளிச்சத்துக்கு ஒரு வார்த்தை

கரண்ட் உள்ள வீட்டில் பழைய 60 வோட் பல்பு இன்னும் எரிந்தால் 9 வோட் எல்ஈடி பல்பு போடுங்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் எரித்தால் பழைய பல்புக்கு மாதம் 7 யூனிட்டுக்கு மேல், புதியதற்கு ஒரு யூனிட் சொச்சந்தான். பல்பின் விலை சில மாதத்தில் பில்லிலேயே திரும்பி வந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய யாராலும் இயலாது. இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று செய்வோம்: பொலித்தீனை அடுப்பில் போடுவதை நிறுத்துவோம். அடுத்த மாதம் விறகை அடுக்கி மூடுவோம். அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் கான் முழுவதும் சிரமதானத்தில் சுத்தமாகிவிடும். ஆண்கள் மண்வெட்டியோடு வரட்டும். அடுப்பும் பீலியும் பெண்கள் வேலை என்று ஒதுங்குகிற பழக்கம் இதிலாவது மாற வேண்டும்.

அனகி அடுப்பு வேண்டியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதர் சங்கத் தலைவியிடம் பெயர் கொடுங்கள். மொத்தமாக எடுத்தால் விலையும் குறையும், உடையாமல் கொண்டுவரவும் வசதி. பூசிக் கொடுக்கிற முறையை வெல்பெயார் ஒப்பிசில் காட்டித் தருவோம். பூச்சுக்கு வேண்டிய களிமண்ணையும் உமியையும் ஒரு வாரத்துக்கு முன்னமே எடுத்து வைத்திருங்கள்.